இல்லாத நரிக்கு எந்தக் காலிபர்?

“ஜூலை, இரண்டாம் செவ்வாய், காலை 10.20. நரிக்கு ரைஃபிள். .223 போதும் என்றேன். .22-250 கேட்கிறார். கிளீவ்டன் பக்கம் பத்து ஏக்கர். கோழிகள்: இருந்தவை பதினேழு, இருப்பவை ஒன்பது. வெள்ளிக்கிழமைகளில் இழப்பு இல்லை. காரணம் தெரியவில்லை.”

இது கடையின் பதிவேடு அல்ல, என் சொந்த நோட்டு. இப்போது எடுத்துப் பார்க்கிறேன். நேரம் சரி, ஏக்கர் சரி, கோழிக் கணக்கும் சரி. ஒரே ஒரு சொல்தான் தவறு. அது முதல் வரியிலேயே இருக்கிறது. அதை எழுதிய பிறகு நாற்பது நிமிடம் எனக்கு அது தவறென்று படவில்லை.

வேட்டைச் சாமான் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மதுரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே நியூசிலாந்துக்கு வந்து நியூ லின்னில் ஒரு வேட்டைக்கடையில் பத்தொன்பது வருடம் ஸ்கோப் கவுண்டரில் நின்றுவிட்டு, போன வருடத்துக்கு முந்திய வருடம் ஓய்வு பெற்றேன். லைசென்ஸ் சரிபார்ப்பது, பதிவில் ஏற்றுவது, ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் காட்டுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது பயிற்சியில் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவரை ஞானசேகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் முப்பது வருடம் இருந்துவிட்டு, மகன் பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கியபோது மனைவியுடன் இங்கே வந்தவர். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்து பார்த்தார். பிறகு, “அங்க மூச்சு விட்டாப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியில புகை பிடிக்குது” என்று சொல்லி, கிளீவ்டன் பக்கம் பத்து ஏக்கர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். லைசென்ஸ் புத்தம் புதியது, சட்டைப்பையில் தனி உறையில் இருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தைக் கைவிட்டார்.

“தம்பி, தமிழோ? நல்லதாப் போச்சு. நரிக்கு ஒரு துவக்கு வேணும்.”

“சொல்லுங்கண்ணே. எவ்வளவு தூரத்துல நிக்கும்?”

“அறுவது யார்ட் இருக்கும். குசினி ஜன்னலிலயிருந்து கோழிக்கூடு வரைக்கும்.”

அங்கே ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் ஒரு கேள்வி வந்துவிட்டால் பதில் தானாக வரும். அதுதான் ஆபத்து. அறுபது யார்டுக்கு .22-250 மாதிரி வேகமான தோட்டா எதற்கு என்றேன். சத்தம் அதிகம், குழாய் சீக்கிரம் தேயும், பத்து ஏக்கரில் குண்டு போய் நிற்க மண்மேடு வேண்டும். .223 போதும் என்றேன். வரிசையில் வேட்டைக்கான வாத்து பொம்மை வாங்க நின்ற ஒரு தாடிக்காரர், “.243 எடுத்தால் பிறகு காட்டு ஆட்டுக்கும் உதவும்” என்று ஆங்கிலத்தில் நுழைந்தார். ஞானசேகரம் அவரையும் மதித்து, காற்று வீசினால் எது விலகும் என்று கேட்டார். நான் பிரிட்டிஷ் கேட்டலாக்கை எடுத்துப் பக்கம் புரட்டி, நரியின் நெஞ்சு அகலம் இத்தனை அங்குலம் என்று காட்டினேன். மூவரும் குனிந்து பார்த்தோம்.

பிறகு, ரைஃபிள் மேல் மாட்டும் ஸ்கோப். அவர் இருபத்துநாலு மடங்கு கேட்டார். நான் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். மடங்கு கூடக் கூடப் பார்வைக்குள் வரும் இடம் சுருங்கும். நரி எங்கே என்று தேடுவதற்குள் நரி போய்விடும். மூன்றிலிருந்து பன்னிரண்டு போதும், முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் தெரியும். ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவர் தெருவுக்கு எதிர்ப்புறமிருந்த பலகையைப் பார்த்தார். கண்பக்க வளையத்தைத் திருகினார். இன்னும் திருகினார். கடைசி வரை திருகினார்.

“கொஞ்சம் மங்கல்தான். கண் ஒப்பரேஷனுக்கு லிஸ்டில நிக்கிறன், அதாலதான். உதுக்குத்தான் தம்பி பெரிய மடங்கு கேட்டனான்.”

லென்ஸ் அறுத்துப் பிழைத்தவன் நான். வளையம் கடைசி வரை போகிறதென்றால் கோளாறு ஸ்கோப்பில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று என் மனம் முழுவதும் நரியின் நெஞ்சு அகலத்தில் இருந்தது.

தேதி கேட்பது என் வழக்கம். கோழிகள் போன நாட்களைக் கேட்டேன். அவரும் என்னைப் போன்ற ஆள்தான். சிறிய டைரியை எடுத்து ஆறு வாரத்தை வாசித்தார். திங்கள், புதன், ஞாயிறு, வியாழன். ஒரு வெள்ளிகூட இல்லை.

“கவனிச்சனீங்களோ? வெள்ளிக்கிழமை வராது. அவ்வளவு புத்தி உதுக்கு.”

“வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் குப்பை லாரி வருமாண்ணே?”

“இல்லையே.”

“பக்கத்துப் பண்ணையில நாய்?”

“அது எல்லா நாளும் இருக்கு.”

தாடிக்காரர், நரிகளுக்கு வாராந்திர ஒழுங்கு உண்டு என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து .223 பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிடங்குக்காரர் வந்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஃபிஜியில் பிறந்தவர், அவருடைய பாட்டனார் காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து கரும்பு வெட்டப் போன குடும்பம். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் சில மாரியம்மன் பாட்டும் சில வசவும்தான். மற்றபடி ஆங்கிலம், அதுவும் மிகக் குறைவாக. பெட்டியைக் கவுண்டரில் வைத்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். விரித்திருந்த கேட்டலாக்கைப் பார்த்தார்.

“எந்த நரி?” என்றார்.

நான் கேட்டலாக்கை மூடினேன். நியூசிலாந்தில் நரி கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு அது தெரியும். தாடிக்காரருக்குத் தெரியும். எங்கள் கடை விளம்பரத்திலேயே “பாம்பும் நரியும் இல்லாத நாடு” என்று ஒரு வரி இருந்தது, அதை மொழிபெயர்த்தவனே நான். கிடங்குக்காரர் கேட்கும்வரை அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாடிக்காரர் வாத்துகளை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்.

“எந்த நரியெண்டா? என்ர நரி!” என்றார் ஞானசேகரம். “முப்பது வருஷம் லண்டனில குப்பைத்தொட்டியடியில நரியோட குடித்தனம் நடத்தினவன் நான். எனக்கு நரி தெரியாதோ? செம்மண் நிறம். கூட்டடியில குனிஞ்சு நிக்கும். பின்னால வால் தொங்கும். விடிய ஏழு மணிக்கு, பத்துத்தரம் பாத்திட்டன்.”

“அண்ணே, இந்த நாட்டுக்குள்ள ஒரு இணுக்குக் கறிவேப்பிலை கொண்டுவர முடியல. ஏர்போர்ட்ல ஷூவைக் கழற்றி அடியில மண்ணு இருக்கான்னு பாக்குறான். நரி எப்படிண்ணே வந்திருக்கும்?”

“அதை நரியிட்டக் கேளுங்கோ. என்னட்டக் கேட்டா?”

இனிக் கவனியுங்கள். அவருடைய லைசென்ஸ் செல்லும். விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நரி உண்மை என்றால், அது நாட்டுக்குள் நுழைந்த அந்நியப் பிராணி. நான் முதலில் எடுக்க வேண்டியது ரைஃபிள் அல்ல, தொலைபேசி. நரி பொய் என்றால், இல்லாத ஒன்றைப் பத்துத்தரம் பார்த்த மனிதருக்கு ரைஃபிள் கொடுக்கக் கூடாது. நரி இருந்தாலும் விற்க முடியாது, இல்லாவிட்டாலும் விற்க முடியாது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் மாட்டிக்கொண்டதில்லை.

கிடங்குக்காரர் பெட்டியைத் திரும்பத் தூக்கினார். “அங்கே ஏதோ இருக்கிறது. கோழி போயிருக்கிறதே. அது என்னவென்று தெரிகிற வரைக்கும் இது என்னிடம் இருக்கும்” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

இலக்கு இன்னதென்று சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்த பிறகே விரலை வை என்று சுடுபவருக்குச் சொல்கிறோம். லைசென்ஸ் தேர்விலும் அது வருகிறது. அதே விதி விற்பவருக்கும் உண்டு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில், முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒரு நிலைத்தொலைநோக்கியோடு நானே வருகிறேன், சேர்ந்து பார்ப்போம், அதுவரை .223 உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும் என்றேன். ஞானசேகரத்தின் முகம் சிவந்துதான் போனது. “பொய் சொல்லுறன் எண்டுதானே நினைக்கிறீங்கள்? வாங்கோ. வந்து பாத்திட்டு மன்னிப்புக் கேளுங்கோ” என்றார்.

நான் எதிர்பார்த்தது ஞாயிறு. வந்தது வியாழன், பிற்பகல் 2.05.

செம்பழுப்புக் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு அம்மாள் நேராக என் கவுண்டருக்கு வந்தார். ரயிலில் வந்திருந்தார், இரண்டு இடத்தில் மாறி. ஞானசேகரத்தின் மனைவி.

“தம்பி, அதைச் சுட விடாதேங்கோ.”

“எதைக்கா?”

“நரியைத்தான். நான் ஒவ்வொரு நாளும் விடிய அதின்ர முகத்திலதான் முழிக்கிறன்.”

உங்கள் தலைமுறைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கலாம். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம்மவர் சொல்வார்கள். ஒருவருக்கு எதிர்பாராமல் நல்லது நடந்தால், “யார் முகத்தில் முழிச்சே, நரி முகத்திலயா?” என்று கேட்பது வழக்கம். அந்த அக்கா அதை வழக்கமாகச் சொல்லவில்லை. அதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது.

“மகளின்ர விசா. ஒன்றரை வருஷமா ஃபைல் அசையேல்ல. புருஷன், ரெண்டு பிள்ளையள் எல்லாரும் கொழும்பில வீட்டைக் குடுத்திட்டுச் சூட்கேசோட இருக்கினம். நான் நரியைக் கண்டது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை கேஸ் ஆபிசர் போட்டிட்டாங்கள் எண்டு ஈமெயில் வந்திட்டுது. இப்ப நீங்களே சொல்லுங்கோ.”

விசா விஷயத்தில் கேஸ் ஆபிசர் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கும் தெரியும்.

“அண்ணனுக்குக் கோழி போகுதேன்னு கவலை…”

அக்கா சுற்றிலும் பார்த்தார். குரலைத் தணித்தார். “கோழிக்கூட்டுக் கதவை நான்தான் திறந்து விடுறனான். ஒண்டும் குடுக்காமல் அது ஏன் வரப்போகுது?”

என் கை தானாக நோட்டைத் தேடியது. “அப்ப வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில மரக்கறிச் சாப்பாடெல்லோ” என்றார், இதைக்கூடவா கேட்பது என்ற முகத்துடன்.

செவ்வாய்க்கிழமை எழுதிய “காரணம் தெரியவில்லை” என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் “மரக்கறி” என்று எழுதினேன். ஒரு கேள்விக்கு இத்தனை முழுமையான விடை கிடைப்பது அபூர்வம்.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். கணவர் பிடிவாதக்காரர், இங்கே இல்லாவிட்டால் வேறு கடையில் வாங்கிவிடுவார். “அதால, நீங்களே குடுங்கோ. ஆனா படாத துவக்கா ஒண்டு குடுங்கோ. கண்ணாடியை ஒரு பக்கமாக் கொஞ்சம் திருப்பி விட்டாக் குறி தப்புமாமே? விசா வாற வரைக்கும் தப்பினாப் போதும். பிறகு நேராக்கி விடுங்கோ.”

சிரிக்காதீர்கள். ஸ்கோப்பின் மேலுள்ள குமிழைச் சில சொடுக்கு திருகினால் அவர் கேட்டது நடந்துவிடும். எனக்கு அது அரை நிமிட வேலை. ஒரு குடும்பத்தின் நிம்மதி, கொழும்பில் சூட்கேசோடு நான்கு பேர், ஒரு ஜீவனின் உயிர் எல்லாம் அந்தக் குமிழில் இருந்தது. அந்த அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுப்பது சுலபமாக இல்லை.

“முடியாதுக்கா” என்றேன். “குறி தப்புற குண்டு நின்னு போறதில்ல. வேற எங்கேயோ படும். எங்கேன்னு எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.”

“அப்ப விக்காதேங்கோ.”

“ஞாயிற்றுக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்.”

“நான் வந்தது இவருக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்லி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரயிலுக்குப் போனார். அவர் வாசலைத் தாண்டும்போது சால்வையின் ஒரு முனை பின்னால் தரைவரை தொங்கியது. அதைப் பார்த்தேன், நோட்டில் எழுதவில்லை. எதையும் எழுதிவைக்கும் எனக்கு அந்த ஒன்று எழுதத் தோன்றவில்லை.

ஞாயிறு, காலை 6.50. கிளீவ்டன். புல்லெல்லாம் உறைபனி. டிராக்டர் கொட்டகைக்குள் முக்காலியில் நிலைத்தொலைநோக்கியை நிறுத்தினேன். ஞானசேகரம் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குத்தொப்பியும் போட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். மனைவி இன்னும் எழும்பவில்லை என்றார். எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். கூட்டைத் திறக்க அவர் போயாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

7.08. மூடுபனிக்குள் கூட்டடியில் ஏதோ அசைந்தது. நான் லென்ஸில் கண்ணை வைத்தேன். வைத்ததும் மூச்சு பட்டு லென்ஸ் புகைந்துவிட்டது. குளிரில் கண்பக்க லென்ஸில் மூச்சு விடாதீர்கள் என்று பத்தொன்பது வருடம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன வாய் என் வாய். துடைக்கத் துணியைத் தேடுவதற்குள் ஞானசேகரம் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

“அந்தா! அந்தா நிக்குது! செம்மண் நிறம், நான் சொன்னனானெல்லோ? வால்! வாலைப் பாருங்கோ தம்பி! கூட்டுக்குள்ள தலையை விடுது. இப்ப மட்டும் என்ர கையில துவக்கு இருந்திருந்தா, நெஞ்சிலயே!”

நான் கொட்டகை வாசலிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தேன். அறுபது யார்ட். கோழிக்கூட்டின் முன்னால் செம்பழுப்புச் சால்வை குனிந்து தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தது. முனை பின்னால் தொங்கியது.

நான் திரும்பி அவர் தோளைப் பிடித்தேன்.

“அண்ணே, கண்ணை எடுங்க.”

“பொறுங்கோ, பொறுங்கோ, திரும்புது…”

“எடுங்கண்ணே!”

அவரை விலக்கி, லென்ஸைத் துடைத்து, கூர்மையைச் சரிசெய்து, திரும்பவும் காட்டினேன். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வாளியைத் தடவிக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார்.

“அது இவ” என்றார்.

“ஆமாண்ணே.”

“நான் நெஞ்சில எண்டு சொன்னனான்.”

வியாழக்கிழமை அந்த அக்கா என்னிடம் கேட்ட படாத துவக்கை நினைத்துக்கொண்டேன். யாருடைய உயிருக்காகக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நானோ செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் நெஞ்சின் அகலத்தைக் கேட்டலாக்கில் காட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா மேட்டில் ஏறி வந்தார். எங்களைக் கண்டதும் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். இல்லை, முகமெல்லாம் மலர்ச்சி.

“பாத்தனீங்களோ? இப்பத்தான் கூட்டுக்கு அங்காலப் பக்கமா வந்து என்னை நேராப் பாத்துது. நீங்களும் பாத்தனீங்கள்தானே? இஞ்சேருங்கோ, முகத்தைப் பாத்தனீங்களோ?”

ஞானசேகரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாரமாகத் தேடிய முகம்.

“ஓம்” என்றார். “நல்லா வடிவாப் பாத்தனான்.”

என்னைக் காருக்குக் கொண்டுபோய் விடும்போதுதான் அடுத்த வார்த்தை வந்தது. “தம்பி, அந்த டூ டூ த்ரீயைத் திருப்பி அடுக்கில வையுங்கோ. உந்தத் தொலைநோக்கி என்ன விலை?”

திங்கட்கிழமை கிடங்குக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கிழித்தார். “அப்போ கோழியைத் தின்றது யார்?” என்றார். சரியான கேள்வி. அக்கா ஏதோ ஒன்றைப் பார்க்கிறார், கோழி உண்மையாகவே போகிறது. ஆகவே அந்நியப் பிராணிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். நரி என்று சொல்லும்போது என் குரல் இறங்கியது. ஆனால் எதிர்முனையில் யாரும் சிரிக்கவில்லை. நிறம், வால், நேரம், கிழமை எல்லாம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். இருவர் வந்து மூன்று வாரம் கேமரா கட்டிவிட்டுப் போனார்கள். படங்களில் பாஸம் வந்தது, அதாவது மரத்தில் வாழும் அந்தப் புதர்வால் பிராணி. ஒரு பெரிய பூனையும் ஒரு முள்ளெலியும் வந்தன. மற்றப் படமெல்லாம் கைகூப்பி நிற்கும் அக்கா. நரிக்கு ஆதாரம் இல்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “கேமராவுக்கெல்லாம் அது முகம் காட்டுமோ?” என்றார்.

உங்கள் மூவருக்கும் நான் சொல்ல நினைத்தது இதுதான். உங்களிடம் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் தெரிந்திருப்பது தொழிலில் பாதிகூட இல்லை. நரிக்கு எந்தக் காலிபர் என்று யாராவது கேட்டால், காலிபரை விட்டுவிட்டு நரியைக் கேளுங்கள். எங்கே நின்று பார்த்தார், எந்தக் கண்ணால் பார்த்தார், அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்டதற்காக ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். .223 அடுக்கில் இருக்கும்.

மகளின் விசா ஆகஸ்டில் வந்தது. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா அதை ஒரு முரண்பாடாகவே கருதவில்லை. அன்றோடு கூட்டுக் கதவைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். அப்போது கோழிகள் ஏழு. அக்டோபரில் ஞானசேகரத்துக்கு வலது கண் ஒப்பரேஷன் முடிந்தது. அவரே அழைத்து, “தம்பி, இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது. சால்வையில ஓட்டை கூடத் தெரியுது” என்றார். இடது கண்ணுக்கு இன்னும் தேதி வரவில்லை, லிஸ்டில் நிற்பதாகச் சொன்னார்.

என் நோட்டில் இது பற்றிய கடைசிப் பதிவு நவம்பர், முதல் ஞாயிறு. “கோழிகள்: ஐந்து. போன நாட்கள் செவ்வாய், சனி. விசா வந்தபிறகு கூட்டுக் கதவைத் தொடவே இல்லை என்று அக்கா சத்தியம் செய்கிறார். ஞானசேகரம் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்; ஆனால் இடது கண்ணுக்குத் தேதி வரும் வரைக்கும் என்று தினமும் ஏழு மணிக்கு முன் எழுந்துவிடுகிறாராம். கதவைத் திறந்தவர் யார் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.”